அண்ணம் கூடும் வாரங்கள்

பிளந்த உதட்டுடன் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், அவ்வீட்டில் முதலில் எழும் கேள்வி குழந்தையைப் பற்றியதன்று, தாயைப் பற்றியது. கிரகணத்தன்று வெளியே வந்தாளா? கிரகண வேளையில் அரிவாள்மணையில் உட்கார்ந்து காய் நறுக்கினாளா? இக்கேள்விகளுக்கு விடைகூற வேண்டிய நிலையில் அப்பொழுது அங்கே இருப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். கிராமச் செவிலியரோ, ஆஷா பணியாளரோ, அங்கன்வாடி ஊழியரோ, அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரோதாம் அங்கே இருப்பர். 'அதெல்லாம் மூடநம்பிக்கை' என்று கூறிவிட்டு அகல்வது எளிது. ஆனால் ஒரு தவறான காரணத்தை அகற்ற வேண்டுமாயின், அது இருந்த இடத்தில் மெய்யான விளக்கத்தை வைத்தல் வேண்டும். இடம் வெறுமையாக விடப்படின் பழைய காரணமே திரும்பி வந்து குடியேறும்.

களப்பணியாளருக்குக் கருவியல் எதற்கு, குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்பத் தெரிந்தால் போதாதா என்று கேட்போர் உண்டு. இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. மேல்தாடையும் அண்ணமும் எந்த வாரத்தில், எவ்வாறு உருவாகின்றன என்னும் கால அட்டவணை ஒன்றை அறிந்திருந்தால் மூன்று செய்திகள் தாமாகவே தெளிவாகும். தாயின்மேல் சுமத்தப்படும் பழி பொருந்தாது என்பது ஒன்று. தடுப்பு முயற்சி எப்பொழுது தொடங்க வேண்டும் என்பது மற்றொன்று. குழந்தை பிறந்த அன்றே அதன் வாய்க்குள் ஏன் பார்க்க வேண்டும் என்பது மூன்றாவது.

துண்டுகள் கூடி முகமாதல்

மனித முகம் ஒரே வார்ப்பாகத் தோன்றுவதன்று. தனித்தனியே வளரும் பகுதிகள் ஒன்றையொன்று அணுகிக் கூடுவதால் அமைவது. கரு உருவான நான்காம் வாரத்தின் முடிவில், அதன் நீளம் சுமார் ஐந்து மில்லிமீட்டர் அளவே இருக்கையில், பிற்காலத்தில் வாயாக அமையவிருக்கும் குழியைச் சுற்றி ஐந்து புடைப்புகள் காணப்படுகின்றன. மேலே நெற்றி-மூக்குப் புடைப்பு ஒன்று. இருபுறமும் மேல்தாடைப் புடைப்புகள் இரண்டு. கீழே கீழ்த்தாடைப் புடைப்புகள் இரண்டு. இவற்றின் உட்பொருளாகும் உயிரணுக்களில் பெரும்பகுதி முகத்திலேயே தோன்றியவை அல்ல. மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறவிருக்கும் நரம்புக் குழலின் விளிம்பிலிருந்து புறப்பட்டு, நெடுந்தொலைவு நகர்ந்து, முகத்துக்கு வந்து சேர்ந்தவை. முகத்தின் எலும்புகளுள் மிகப்பல இவ்வாறு வந்து குடியேறிய உயிரணுக்களாலேயே ஆனவை.

ஐந்தாம் வாரத்தில் நெற்றி-மூக்குப் புடைப்பின் இருபக்கங்களிலும் மூக்குக் குழிகள் தோன்றுகின்றன. ஒவ்வொரு குழிக்கும் உள்விளிம்பு ஒன்றும் வெளிவிளிம்பு ஒன்றும் உயர்கின்றன. ஆறாம், ஏழாம் வாரங்களில் மேல்தாடைப் புடைப்புகள் இரண்டும் பக்கங்களிலிருந்து நடுவை நோக்கி வளர்ந்து, மூக்கின் உள்விளிம்புகளை நெருக்கி, அவற்றோடு இணைகின்றன. உள்விளிம்புகள் இரண்டும் தம்முள் கூடுகின்றன. இக்கூட்டுறவின் பயனாக மேலுதட்டின் நடுப்பள்ளமும், முன்பற்கள் நான்கையும் தாங்கும் மேல்தாடையின் முன்பகுதியும், அப்பற்களுக்குப் பின்னுள்ள சிறு முக்கோண வடிவ அண்ணமும் அமைகின்றன. இம்முக்கோணம் முதல் அண்ணம் எனப்படும்.

மேல்தாடையின் இந்த முன்துண்டுக்கு ஒரு வரலாறு உண்டு. விலங்குகளில் இது தனி எலும்பாகத் தெளிவாகத் தெரியும். மனிதனிடம் இவ்வெலும்பே இல்லை என்றும், அதனால் மனிதன் குரங்கினத்திலிருந்து வேறுபடுகிறான் என்றும் பதினெட்டாம் நூற்றாண்டின் உடற்கூற்று அறிஞர் பலர் கருதினர். ஜெர்மானியக் கவிஞர் கதே 1784-ஆம் ஆண்டில் மண்டையோடுகளை ஒப்பிட்டு நோக்கி, மனிதனிடமும் அவ்வெலும்பு உண்டு என்று கண்டார். பிரான்சு நாட்டின் விக் தசீர் அவருக்குச் சற்று முன்னரே இதனைக் கண்டிருந்தார். வயது வந்தவனிடம் தழும்பின்றி மறைந்துவிடும் இந்தப் பொருத்துவாயே, உதட்டுப் பிளவு மேல்தாடைக்குள் நீளும்போது அது பெரும்பாலும் கோரைப்பல்லுக்கும் அதனை அடுத்த வெட்டுப்பல்லுக்கும் அருகில் அமைவதை விளக்குகிறது.

மேல்தாடைப் புடைப்பு மூக்கின் உள்விளிம்போடு கூடாது நின்றுவிட்டால் உதடு பிளந்து நிற்கும். கூடும் இடம் நடுப்பள்ளத்தின் ஓரம் ஆதலால், பிளவும் நடுவில் இராது. இடப்புறமோ வலப்புறமோ இருக்கும். இடப்புறத்தில் வருவது வலப்புறத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு.

தட்டுகள் எழும் காலம்

முதல் அண்ணத்துக்குப் பின்னால் உள்ள பெரும்பகுதி வேறு முறையில் அமைகிறது. ஆறாம் வாரத்தில் மேல்தாடைப் புடைப்புகளின் உட்புறத்திலிருந்து இரண்டு தட்டுகள் வளரத் தொடங்குகின்றன. அப்பொழுது வாய்க்கும் மூக்குக்கும் இடையே தடுப்பே இல்லை. நாக்கு மேலெழுந்து அவ்விடம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே தட்டுகள் கிடையாக வளர வழியின்றி, நாக்கின் இருமருங்கிலும் கீழ்நோக்கித் தொங்குகின்றன.

கீழ்த்தாடை முன்னோக்கி வளரவே நாக்கு தாழ்ந்து இடம் விடுகிறது. தட்டுகளின் உள்ளே நீரை ஈர்க்கும் தன்மையுள்ள பொருள்கள் பெருகி அவற்றுக்கு விறைப்பைத் தருகின்றன. ஏழாம், எட்டாம் வாரங்களில் தட்டுகள் இரண்டும் எழுந்து நாக்கின் மேலே கிடையாக அமர்கின்றன. பின்னர் நடுவை நோக்கி வளர்ந்து ஒன்றையொன்று தொடுகின்றன. மூக்கின் நடுச்சுவரும் மேலிருந்து இறங்கி அவற்றோடு சேர்கிறது. தொட்டால் மட்டும் போதாது. இரு தட்டுகளின் ஓரத்தையும் போர்த்தியுள்ள மேல்தோல் மறைந்து, உட்பகுதிகள் ஒன்றாக வேண்டும். முன்னிருந்து பின்னாகத் தொடரும் இவ்விணைப்பு பத்தாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடையே உண்ணாக்கில் முடிவுறுகிறது. முன்பகுதியில் எலும்பு படர்ந்து கடின அண்ணமாகிறது. பின்பகுதி தசையாகவே நின்று மெல்லண்ணமாகிறது.

வகுப்பில் இதனைப் படமின்றியே காட்டலாம். ஒரு மாணவன் தன் கைமுட்டியை நடுவில் உயர்த்திப் பிடிக்கட்டும், அதுவே நாக்கு. மற்றொருவன் தன் கைகள் இரண்டையும் அதன் இருபுறமும் விரல்கள் கீழ்நோக்கத் தொங்கவிடட்டும். முட்டி தாழ்ந்ததும் கைகள் எழுந்து நுனிகள் கூட வேண்டும். முட்டி தாழாவிடின் கைகள் கூடமாட்டா. கீழ்த்தாடை வளர்ச்சி குன்றிய சில குழந்தைகளிடம் நேர்வது இதுவேயாகும். சிறு தாடை, பின்னே சரிந்த நாக்கு, மூச்சுத் தடை ஆகியவற்றைப் பிரெஞ்சு மருத்துவர் பியேர் ரோபான் 1923-இல் விளக்கியதால் அந்நிலை அவர் பெயரால் வழங்குகிறது. அகன்ற அண்ணப் பிளவும் அதனோடு பெரும்பாலும் சேர்ந்து காணப்படும்.

நாள் தவறினால்

பிளவுக்குக் காரணம் பெரும்பாலும் ஏதேனும் ஓர் உறுப்பு இல்லாமையன்று; உரிய நாளில் உரிய இடத்தை அடையாமை என்று கொள்வதே பொருந்தும். இதனை விலங்குச் சோதனைகள் தெளிவாக்கின. அமெரிக்காவில் வார்க்கனி என்பார் 1940-ஆம் ஆண்டை ஒட்டிப் பெண் எலிகளுக்கு ரிபோஃபிளேவின் என்னும் உயிர்ச்சத்துக் குறைந்த உணவைக் கொடுத்தார். பிறந்த குட்டிகள் பலவற்றில் எலும்புக் குறைகளும் அண்ணப் பிளவும் காணப்பட்டன. கருக்காலத்தில் குறித்த கட்டத்துக்கு முன் அவ்வுயிர்ச்சத்தைச் சேர்த்தால் குட்டிகள் நலமாகப் பிறந்தன. அதற்குப் பின் சேர்த்தது பயன்படவில்லை.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஃபிரேசர் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் 1951-இல் வெளியிட்ட சோதனை இதனினும் நுட்பமானது. கருவுற்ற சுண்டெலிகளுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தபோது, ஓரினத்தில் ஏறத்தாழ எல்லாக் குட்டிகளுக்கும் அண்ணம் பிளந்தது. மற்றோரினத்தில் சிறு பகுதிக்கே பிளந்தது. பின்னர் ஆராய்ந்ததில், எளிதில் பாதிக்கப்பட்ட இனத்தில் அண்ணத் தட்டுகள் இயல்பாகவே சற்றுப் பிந்தி எழுவது தெரிந்தது. பிந்தி எழுவதற்கு மேலும் சிறு தாமதம் நேர்ந்தாலும் கூடும் வாய்ப்பு தவறிவிடுகிறது.

மனிதரிடமும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. பெண் கருவில் தட்டுகள் ஆண் கருவிலும் ஏறத்தாழ ஒரு வாரம் பிந்தியே எழுகின்றன. உதட்டுப் பிளவு ஆண் குழந்தைகளிடமும், அண்ணம் மட்டும் பிளந்திருத்தல் பெண் குழந்தைகளிடமும் மிகுதியாகக் காணப்படுகின்றன.

மரபணுக்களுக்குப் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. தட்டுகளின் ஓரத்தோல் மறைய உதவும் ஒரு புரதத்தின் மரபணுவைச் சுண்டெலிகளில் நீக்கியபோது, தட்டுகள் தொட்டும் கூடவில்லை என்பது 1995-இல் காட்டப்பட்டது. சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் பிளவுக்கு உரிய மரபணு 2002-இல் அடையாளம் காணப்பட்டது. எனினும் ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையருள் ஒருவருக்குப் பிளவு இருக்க, மற்றவர் முழு உதட்டுடன் பிறப்பதும் உண்டு. ஆகவே பிளவுகளுட் பெரும்பாலானவை மரபும் சூழலும் சேர்ந்து விளைவிப்பவை. ஒற்றைக் காரணத்தைத் தேடி ஒருவர்மேல் சுமத்துவது விஞ்ஞானத்துக்கு ஒவ்வாது.

கிரகணமும் பழியும்

இப்பொழுது அந்த முதற்கேள்விக்கு வரலாம். தாய் வீட்டை விட்டு வெளியே வந்தது எந்த மாதம் என்று கேட்கட்டும். ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம் என்று விடை வருமாயின், அப்பொழுது குழந்தையின் உதடும் அண்ணமும் கூடி முடிந்து வாரங்கள் பல கடந்துவிட்டன. கூடியதைக் கிரகணம் வந்து பிரித்துவிட இயலாது.

தொடக்க வாரங்களிலேயே கிரகணம் வந்தது என்பாராயின், அதற்கும் விடை உண்டு. கிரகணம் காரணமாயின், அது தெரிந்த மாவட்டங்களில் சுமார் ஏழு மாதங்களுக்குப் பின் இத்தகைய குழந்தைகள் திரளாகப் பிறத்தல் வேண்டும். கிரகணம் தெரியாத காலத்தில் ஒருவரும் பிறத்தலாகாது. உலகெங்கும் ஆயிரம் பிறப்புகளில் ஏறத்தாழ ஒன்று இரண்டு என்னும் அளவில், எல்லா மாதங்களிலும், கிரகண அச்சமே அறியாத மக்களிடையேயும் இப்பிளவு காணப்படுகிறது.

அவ்வாறாயின் இந்நம்பிக்கை எவ்வாறு நிலைத்தது? குறையுடன் குழந்தை பிறந்த வீட்டிலேயே கிரகணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். கேட்டால் ஏதேனும் ஒரு கிரகணம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அதே கிரகணத்தன்று வெளியே உலவிய நூறு தாய்மாருக்கு முழு உதட்டுடன் குழந்தை பிறந்தபோது எவரும் கேட்கவில்லை. சான்றுகளை ஒருபுறம் மட்டும் எண்ணும் இப்பிழையை மாணவருக்கு உணர்த்துவது, கிரகணத்தைப் பற்றிய பாடம் ஒன்றினும் பெரிய பாடமாகும்.

தீங்கில்லாத பழக்கந்தானே, விட்டுவிடலாம் என்று சிலர் கூறுவர். கிரகண நேரம் முழுவதும் கருவுற்றவளுக்கு உணவும் தண்ணீரும் மறுக்கப்படுவது தீங்கில்லாததன்று. குழந்தை பிறந்த பின் அவளைக் குற்றவாளியாக்குவதும், விதியென்று கருதிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் அதனினும் பெருந்தீங்கு.

இருவேறு வாரக்கணக்கு

களப்பணியாளர் தவறாது நினைவிற் கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கருவியலார் கரு உண்டான நாளிலிருந்து வாரங்களை எண்ணுகின்றனர். இக்கட்டுரையில் மேலே கூறிய வாரங்களும் அவ்வாறு எண்ணியவையே. கர்ப்பிணியின் அட்டையிலோ கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. இரண்டுக்கும் ஏறத்தாழ இரண்டு வாரம் வேறுபாடு. கருவின் ஏழாம் வாரம் அட்டையில் ஒன்பதாம் வாரம். கருவின் பத்தாம் வாரம் அட்டையில் பன்னிரண்டாம் வாரம்.

பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதே கர்ப்பிணிகளுக்குக் கூறப்படும் அறிவுரை. அவ்வறிவுரையைச் செவ்வனே பின்பற்றி ஒருத்தி பன்னிரண்டாம் வாரத்தில் வந்து நிற்கும்போது, அவள் குழந்தையின் உதடு மூன்று வாரங்களுக்கு முன்பே கூடிவிட்டது. அண்ணமும் கூடி முடியும் நிலையில் உள்ளது. பதிவு மிகவும் வேண்டியதே. பிற நன்மைகள் அதனால் பல. ஆனால் இக்குறையைப் பொறுத்தவரை அது காலம் கடந்த சந்திப்பு. தடுப்பு பற்றிய பேச்சு கர்ப்பிணியிடம் அன்று, புதிதாக மணமானவளிடமும், அடுத்த குழந்தையை விரும்பும் தாயிடமும், அவர்களுடைய கணவர்களிடமும் தொடங்க வேண்டும்.

பேச வேண்டியவை எளியவை. புகையிலையும் மதுவும் கூடா. வீட்டினுள் பிறர் புகைப்பதும் கூடாது. நீரிழிவு உடையவள் கருவுறுமுன்பே அதனைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். வலிப்பு நோய்க்கான மருந்துகளுள் சில பிளவின் வாய்ப்பை மிகுவிப்பவை. ஆகவே கருவுற எண்ணும்போதே மருத்துவரைக் கலந்து, வேண்டுமாயின் மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தானாக மருந்தை நிறுத்திவிடுதல் பேராபத்து என்பதையும் உடன் சொல்லுதல் கடமை. ஃபோலிக் அமில மாத்திரையைக் கருவுறுமுன்பே தொடங்க வேண்டும். தண்டுவடக் குறைகளைத் தடுப்பதில் அதன் பயன் 1991-இல் வெளியான பெரும் ஆய்வில் உறுதியாயிற்று. பிளவைத் தடுப்பதில் சான்றுகள் அத்துணை உறுதியாக இல்லை. இருப்பினும் முதற்காரணம் ஒன்றே அதனை உண்பதற்குப் போதும். இவை யாவும் செய்த பின்னும் சில குழந்தைகள் பிளவுடன் பிறப்பர். அப்பொழுது தாயைக் குறைகூற இவ்வறிவுரைகளையே புதுக் கிரகணமாக ஆக்கிவிடலாகாது.

ஒரு கைவிளக்கின் வேலை

உதட்டுப் பிளவு எவர் கண்ணுக்கும் தெரியும். உதடு முழுமையாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருத்தல் வெளியே தெரியாது. உதடும் அண்ணமும் வெவ்வேறு வாரங்களில் வெவ்வேறு முறையில் அமைகின்றன என்பதை அறிந்தவர், முழு உதட்டைக் கண்டதும் அண்ணமும் முழுமை என்று எண்ணிவிடமாட்டார். கர்ப்பக் காலத்து ஒலியலைப் படமும் உதட்டுப் பிளவைக் காட்டக்கூடுமேயன்றி, அண்ணம் மட்டும் பிளந்ததைப் பெரும்பாலும் காட்டுவதில்லை.

ஆகவே பிறந்த ஒவ்வொரு குழந்தையின் வாயையும், நாக்கை மெல்லத் தாழ்த்தி, டார்ச் விளக்கின் ஒளியில் உண்ணாக்கு வரை பார்த்தல் வேண்டும். விரலால் தடவிப் பார்ப்பது மட்டும் போதாது. மெல்லண்ணத்தின் பிளவு விரலுக்குத் தப்பிவிடும். பால் மூக்கின் வழியே வருதல், நெடுநேரம் சப்பியும் வயிறு நிரம்பாமை, எடை ஏறாமை ஆகியவை காணப்படின் மீண்டும் பார்க்க வேண்டும். இத்தகைய குழந்தைக்குச் சப்பும் வலிமை இல்லை என்று கருதலாகாது. வாய்க்கும் மூக்குக்கும் இடையே தடுப்பு இல்லாததால் உறிஞ்சும் அழுத்தம் உண்டாவதில்லை, அவ்வளவே. தாய்ப்பாலைப் பீய்ச்சியெடுத்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையாலோ கரண்டியாலோ சிறிது சிறிதாகப் புகட்டி, இடையிடையே ஏப்பம் விடச் செய்தால் அது வளரும். தாடை சிறுத்து மூச்சு விடத் திணறும் குழந்தையை மட்டும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சிகிச்சைக்கும் காலம் உண்டு. உதட்டைப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளும், அண்ணத்தை ஒன்பது முதல் பதினெட்டு மாதத்துக்குள்ளும் அறுவைச் சிகிச்சையால் இணைக்கின்றனர். குழந்தை சொற்களைப் பழகுமுன் அண்ணம் மூடப்பட வேண்டும் என்பதே பின்னதன் நோக்கம். 2013-இல் தொடங்கப்பெற்ற ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்னும் திட்டத்தில், பிறவிக் குறைகளுள் ஒன்றாக இப்பிளவும் சேர்க்கப்பட்டுள்ளது. பதினெட்டு வயது வரை பரிசோதனையும் மாவட்ட மையத்தின் வழியாகச் சிகிச்சையும் அதில் அடங்கும்.

பள்ளியின் பங்கு

அண்ணம் என்னும் சொல் தமிழாசிரியருக்குப் புதிதன்று. எழுத்துகள் பிறக்கும் இடங்களைக் கூறும் தொல்காப்பியப் பிறப்பியல் அண்ணத்தையும் மூக்கையும் சேர்த்தே எண்ணுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு 'பாப்பா' என்றால் ஒலி மாறாது. 'மாமா' என்றால் மாறும். வல்லினத்துக்கு அண்ணம் மூக்கின் வழியை அடைத்தல் வேண்டும் என்பதை எந்த மாணவனும் இதனால் அறிவான். அண்ணம் பிளந்த குழந்தைக்கு அவ்வழி அடைபடாது. ஆகவே வல்லினம் தேய்ந்து, பேச்சு மூக்கொலியாகிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் சிலருக்குப் பேச்சுப் பயிற்சி தேவைப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. தொண்டையிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழலைத் திறக்கும் தசை மெல்லண்ணத்தைச் சார்ந்தது. அது செவ்வனே இயங்காவிடின் நடுச்செவியில் நீர் தங்கிக் கேட்கும் திறன் குறையும். வகுப்பில் மந்தமாகத் தோன்றும் அக்குழந்தை உண்மையில் பாதிச் சொற்களையே கேட்கிறது. அதனை முன் வரிசையில் அமர்த்துவதும், செவிப் பரிசோதனைக்கு அனுப்புவதும், 'மூளி' என்று பிற பிள்ளைகள் அழைப்பதை அன்றே நிறுத்துவதும் ஆசிரியரால் ஆகும் காரியங்கள்.

தனித்தனியே வளர்ந்த பகுதிகள் சில வாரங்களுக்குள் ஒன்றையொன்று தேடிக் கூடியதால் அமைந்ததே ஒவ்வொரு மனித முகமும். பெரும்பாலோரிடம் அது நிறைவேறியது அவர்தம் தாயரின் புண்ணியத்தாலன்று. சிலரிடம் நிறைவேறாதது அவர்தம் தாயரின் பாவத்தாலும் அன்று. கருவில் கூடாது நின்றதைப் பிறந்தபின் கூட்டிவைக்க இன்று மருத்துவத்தால் முடியும். அம்மருத்துவம் குழந்தையைச் சென்றடைவது, பிறந்த அன்று ஒருவர் விளக்கெடுத்து அதன் வாய்க்குள் பார்த்தாரா என்பதைப் பொறுத்தது.